மிஸி வேலைக்கு மனு நான்காம் படிவத்தில் தொடங்குகிறது

எஸ்.பி.எம். முடிவு வெளியானதும் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: பிள்ளையை மிஸி, அதாவது தாதி, வேலைக்கு அனுப்ப எங்கே மனு போடுவது? கேள்வி நியாயமானது. கேட்கும் காலம்தான் பிந்திவிட்டது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் தாதிமை டிப்ளோமா மூன்றாண்டுப் படிப்பு. அரசாங்கச் செலவில் படிக்கலாம், படிக்கும்போதே மாதப்படி கிடைக்கும், முடித்ததும் ஒப்பந்தப்படி அரசாங்க மருத்துவமனையில் சேவை செய்ய வேண்டும். தோட்டத்தில் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அதிகமில்லை. அதனால்தான் போட்டியும் கடுமை. பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் மனு திறக்கும்போது ஒரு மாணவியின் வாய்ப்பு பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அதை முடிவு செய்தவை அவள் நான்காம், ஐந்தாம் படிவங்களில் மலாய்மொழிக்கும் கணிதத்துக்கும் செலவழித்த, அல்லது செலவழிக்காத, மாலை நேரங்கள்.

தகுதி விதியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் இது விளங்கும். தாதிமை டிப்ளோமாவுக்கு வழக்கமான தகுதி எஸ்.பி.எம்.மில் ஐந்து கிரெடிட். மலாய்மொழி, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம். மற்ற இரண்டு எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். (விதிகள் அவ்வப்போது மாறுவதுண்டு, மனு போடும் ஆண்டின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு.) உயிரியலும் வேதியியலும் எடுத்தால்தான் மிஸி ஆகலாம் என்று எண்ணி, நான்காம் படிவத்திலேயே ஆசையைக் கைவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தவறு. உயிரியல், வேதியியல் எடுக்காதவர்கள் படிக்கும் பொது அறிவியல் பாடத்தில் கிரெடிட் இருந்தாலே மனு போடலாம். கூடுதல் கணிதம் தேவையே இல்லை. மற்ற இரண்டு கிரெடிட்டுக்குத் தமிழ்மொழி, நன்னெறிக் கல்வி, வரலாறு எல்லாம் செல்லும். தமிழ்மொழித் தாளை எடுப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஆக, குறி வைக்க வேண்டியவை ஆறே பாடங்கள். அவற்றில் நம் பிள்ளைகளை அதிகம் தடுக்கிவிடுபவை கணிதமும் மலாய்மொழியும் என்பது எந்த இடைநிலைப்பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும்.

இந்த இரண்டையும் ஆணையம் சும்மா கேட்கவில்லை. வார்டில் நடப்பதைப் பாருங்கள். 500 மில்லிலிட்டர் உப்புநீரை நான்கு மணி நேரத்தில் ஏற்றச் சொல்கிறார் மருத்துவர். கையிலிருக்கும் குழாய்க்கு ஒரு மில்லிலிட்டர் என்றால் 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இயந்திரம் இல்லாத கட்டில் என்றால் தாதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இதைக் கையால் சரிசெய்ய வேண்டும். பெருக்கலும் வகுத்தலும்தான், படிவம் ஒன்றில் வந்த பாடம். ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க, எதிரில் ஒருவர் கூப்பிட, பிழையில்லாமல் போட வேண்டிய கணக்கு அது. ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் சொல்லி ஒப்படைப்பதும், வருகிற உறவினருக்கு விளக்குவதும் பெரும்பாலும் மலாயில். நேர்முகத் தேர்வும் மலாயில்தான். தமிழ்ப்பள்ளி முடித்து, சிலர் புகுமுக வகுப்பையும் தாண்டி, வீட்டிலும் லயத்திலும் தமிழே பேசி வளர்ந்த பிள்ளை, ஏன் தாதியாக விரும்புகிறாய் என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. மலாயில் நீளமாகப் பேசிப் பழகவில்லை, அவ்வளவே.

பெற்றோருக்கு முன்பு இருந்த எச்சரிக்கை மணிகளும் போய்விட்டன. ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.டி.3 என்று இரண்டு பொதுத்தேர்வுகள் இருந்தன. முதலாவது 2021-இலும் இரண்டாவது 2022-இலும் ரத்தாயின. சிறுவயதில் தேர்வுச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு படித்து வந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத்தேர்வு என்றாகிவிட்டது. மூன்றாம் படிவ முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, கணிதத்துக்கு ஆள் பார்க்க வேண்டும் என்று அப்பா அம்மா பேசிய காலம் போனதால், பலவீனம் வெளியே தெரிவதே பதினேழு வயதில் என்றாகிறது. வசதியான வீடுகள் இதைப் பிரத்தியேக வகுப்பால் ஈடுகட்டிக்கொள்ளும். செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கு அந்த வசதி இல்லை; புக்கிட் ரோத்தானிலிருந்து கோலசிலாங்கூர் பட்டணத்துக்கு வாரம் இருமுறை வகுப்புக்குப் போய்வருவதே ஒரு செலவு.

அதனால்தான் நம் பொது அமைப்புகள் பணம் செலவழிக்கும் விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆலய மண்டபத்தில் எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஒருநாள் வழிகாட்டிக் கருத்தரங்கு, பிரமுகருக்கு மாலை, மதிய உணவு, படம், மறுநாள் பத்திரிகைச் செய்தி. அங்கே வந்து உட்காரும் பிள்ளைக்குக் கணிதத்தில் டி கிடைத்திருந்தால் எந்த வழிகாட்டியாலும் அதை சி ஆக்க முடியாது. அதே பணத்தில் நான்காம் படிவம் தொடங்கும்போதே வாரம் இரண்டு மாலை, ஒன்று கணிதம், ஒன்று மலாய்மொழிப் பேச்சு, என்று இரண்டாண்டு நடத்தினால் பலன் வேறு. மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்ப்பள்ளி வகுப்பறைகள் மாலையில் சும்மா கிடக்கின்றன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் தாதிகளும் இந்த வட்டாரத்தில் இல்லாமலில்லை.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எல்லாருக்கும் தெரிந்தது: எவ்வளவு படித்தாலும் நமக்கு இடம் கிடைக்காது. இந்தச் சந்தேகத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்க மாட்டேன். எத்தனை பேர் மனு செய்தார்கள், எத்தனை பேர் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்பதை இனவாரியாகவும் மாவட்டவாரியாகவும் ஆணையம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் அதைக் கேட்க வேண்டும். ஆனால் தகுதியுள்ள விண்ணப்பதாரர்களை நிறுத்திவிட்டுக் கேட்கும் கேள்விக்கு இருக்கும் கனம், கிரெடிட் இல்லாமல் கேட்கும் கேள்விக்கு இருக்காது. அநீதி நடந்திருந்தாலும் அதை நிரூபிக்க நம் கையில் மதிப்பெண் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, தனியார் கல்லூரி இருக்கிறதே என்பது. இருக்கிறது, நல்ல கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் பி.டி.பி.டி.என். கல்விக் கடனில்தான் படிக்க வேண்டியிருக்கும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகளில் தாதிமை முடித்த ஆயிரக்கணக்கானோர் வேலை கிடைக்காமல் கடனோடு நின்றது மறந்துபோகிற அளவுக்குப் பழைய கதை இல்லை. இன்று நிலைமை தலைகீழ், தாதியர் பற்றாக்குறை, சிங்கப்பூரும் சவூதியும் அழைக்கின்றன. சந்தை மறுபடி மாறாது என்று யாரும் உறுதி தர முடியாது. அதோடு, எந்தக் கல்லூரியில் படித்தாலும் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு செய்தால்தான், 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டப்படி, வேலை செய்ய முடியும். பலவீனமான அடித்தளத்தோடு நுழைபவர் அந்தத் தேர்வில்தான் மாட்டிக்கொள்வார், அதுவும் கடன் வாங்கிய பிறகு.

பதினைந்து வயதில் ஒரு பிள்ளையிடம் என்ன வேலை என்று முடிவு செய்யச் சொல்வது கொடுமை என்றும் சிலர் சொல்வார்கள். அப்படி முடிவு செய்யச் சொல்லவே வேண்டாம். மருத்துவ உதவி அதிகாரி, மருந்தகம், ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே என்று சுகாதாரத் துறையின் மற்ற டிப்ளோமாக்களும் மலாய்மொழியையும் கணிதத்தையும் கேட்கின்றன. பையன்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்து டிரெசரின் இடத்தில் இன்று அரசாங்கக் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர் மருத்துவ உதவி அதிகாரிதான். மனம் மாறினாலும் கிரெடிட் வீணாகாது.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இந்த மாவட்டத்துத் தென்னமரத்தில் போடப்பட்டது. அதிலிருந்து நூறாண்டுக்கு மேல் இந்த மண்ணில் உழைத்த குடும்பங்களின் வயதானவர்கள், இன்று தோட்ட மருந்தகம் இல்லாத காலத்தில், தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ 2006-இல் திறந்த சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ போய் வரிசையில் உட்காருகிறார்கள். அங்கே தங்கள் பேத்தி வயதுப் பிள்ளை சீருடையில் இருந்தால் வலியைத் தமிழில் சொல்லலாம். ஆலய நிர்வாகத்தாரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் அடுத்த கருத்தரங்குக்கு ஒதுக்கியிருக்கும் தொகையை இந்த ஆண்டு நான்காம் படிவக் கணித வகுப்புக்கு மாற்றட்டும். பெற்றோரே, இந்த வாரமே பிள்ளையின் கடைசித் தேர்வுத் தாள்களை வாங்கி, கணிதத்திலும் மலாய்மொழியிலும் என்ன கிடைத்திருக்கிறது என்று பாருங்கள்.