மூட்டு வீக்கமும் எலுமிச்சம்பழமும்

நம் புளியங்குடி எலுமிச்சம்பழத்திற்குப் பேர் போன ஊர். நம் தோட்டத்துப் பழம் கேரளத்துச் சந்தை வரையில் போகின்றது. ஆனால் நம் ஜனங்கள் அதைச் சாறு பிழிவதோடும் ஊறுகாய் போடுவதோடும் விட்டுவிடுகிறார்களா? இல்லை. பத்து வயதுப் பெண் குழந்தைக்கு ஜுரம் கண்டு முழங்கால் வீங்கினால், அதே பழத்தைக் குழந்தையின் தலையைச் சுற்றி, முச்சந்தியில் காலால் நசுக்கி, திருஷ்டி கழிந்தது என்கிறார்கள். சில வாரத்தில் வீக்கம் வடிந்துவிடுகின்றது. உடனே பழத்திற்குப் பெருமை, மந்திரித்தவருக்குத் தட்சிணை!

ஆபத்து இங்கேதான் இருக்கின்றது. பழம் நசுக்காவிட்டாலும் அந்த வீக்கம் வடிந்துதான் இருக்கும். அந்த வியாதியின் குணமே அது.

எப்படி என்றால், ஒருவகைக் கிருமி குழந்தையின் தொண்டையில் புண் உண்டாக்குகின்றது. உடம்பு அதை எதிர்க்கப் படை திரட்டுகின்றது. சில குழந்தைகளிடம் அந்தப் படை கிருமி எது, சொந்த உடம்பு எது என்று பிரித்தறியாமல் மூட்டையும் இருதயத்தையும் தாக்குகின்றது. தாக்கப்பட்ட இடம் சூடேறி, வீங்கி, வலிக்கின்றது. இதற்குத்தான் அழற்சி என்று பெயர். தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து இது வருவதால், தொண்டை வலியை யாரும் நினைப்பதில்லை. 5 முதல் 15 வயதுக்குள் அதிகமாகக் காணும் இதற்கு ருமாட்டிக் ஜுரம் என்று பெயர். வலி இன்று ஒரு முழங்காலில், நாளை மறு காலில், பிறகு கணுக்காலில் என்று தாவும். மூட்டுக்கு அது விருந்தாளி. இருதயத்திலோ அது குடியேறி, வால்வு என்னும் கதவுகளில் தழும்பேற்றிச் சுருக்கிவிடும்.

நிற்க, எல்லா மூட்டு வலியையும் நாம் ‘வாதம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து விடுகின்றோம். பெரியவர்களுக்கு வந்து வருஷக்கணக்கில் நீடிக்கும் முடக்குவாதம் வேறு வியாதி. அதில் அழற்சி மூட்டின் உள்சவ்விலேயே தங்கி, எலும்பை அரித்து, விரல்களைக் கோணலாக்குகின்றது. இரத்தக் குழாய்களையும் அது கெடுப்பதால் அவர்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம். இதை முன்ஜன்ம வினை என்கிறார்கள். ஆரம்பத்திலேயே தக்க மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் விரல் கோணாமல் காக்கலாமே! வினை என்பது மாத்திரைக்குப் பயந்து ஓடுமா?

அந்தப் பெண் குழந்தையின் சங்கதிக்கு வருவோம். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, கர்ப்பமாகிறாள். கர்ப்பத்தில் உடம்பின் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. சுருங்கிய கதவு அதைத் தாங்குமா? மூச்சு முட்டுகின்றது, சிலர் உயிரையே விடுகிறார்கள். உடனே அவள் ஜாதகத்தில் தோஷம் என்று பேசுகிறார்கள். ‘வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது’ என்று பெற்றோரே வியாதியை மறைப்பதும் உண்டு. பெண்ணின் உயிரைவிடப் பெரிதா மாப்பிள்ளை என்று கேட்கின்றோம்.

இது தெய்வக் குற்றமானால், பணக்கார நாடுகளில் பெரும்பாலும் மறைந்து போய், ஒரே அறையில் பலர் முடங்கும் ஏழைகளையே ஏன் தேடி வருகின்றது? நல்ல வீடும் தக்க வைத்தியமும் உள்ள இடத்தில் அந்தத் தெய்வத்திற்கு வேலை இல்லையா?

1928ல் பிளெமிங் கண்ட பென்சிலின் இந்தக் கிருமியைக் கொல்லும். தொண்டைப் புண் வந்த 9 நாளைக்குள் கொடுத்தால் ஜுரமே வராமல் தடுக்கலாம். எல்லாத் தொண்டை வலியும் இதுவல்ல. எது என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஜுரம் ஒரு முறை வந்துவிட்டால், மறுபடி வராமலிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒரு ஊசி, பல வருஷங்கள் போட வேண்டும். கதவு சுருங்கிவிட்டாலும் பலூன் கொண்டு விரிக்கலாம். மாற்று வால்வும் வைக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் நம்மவர்களே செய்த வால்வு 1990ல் முதன்முதலாக மனிதனுக்குப் பொருத்தப்பட்டது.

ஆகவே, குழந்தைக்கு ஜுரத்தோடு மூட்டு வீங்கினால் முச்சந்திக்குப் போகாதீர்கள். தென்காசி, பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி நின்றது என்று ஊசியை நிறுத்தாதீர்கள். அடுத்த ஊசிக்குரிய தேதியைப் பஞ்சாங்கத்தில் குறித்து வையுங்கள். பஞ்சாங்கத்திற்கு அப்படியாவது ஒரு பிரயோஜனம் உண்டாகட்டும்!