ஒதுங்க இடம் எங்கே?

காலை எட்டரை மணி. கிராமத்துச் சாலை. இருபுறமும் சீமைக் கருவேல முள். நடுவே நாடாவை விரித்துப் போட்டதுபோல ஒற்றைத் தார்ப்பட்டை. அதிலே மிதிவண்டிகள் வருகின்றன. இரண்டு, நான்கு, பத்து! முன்கூடையிலே சோற்றுப் பாத்திரம், முதுகிலே புத்தகப் பை, முகத்திலே வேர்வை, உள்ளத்திலே பரீட்சைக் கவலை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்!

பின்னாலே கேட்கிறது ஹாரன் ஒலி. ஒருமுறையல்ல, மும்முறை. 'ஒதுங்கு' என்கிறது கார். 'உடனே ஒதுங்கு' என்கிறது ஜல்லி ஏற்றிவரும் டிப்பர் லாரி. கடைசியாக வந்த பெண் ஒதுங்குகிறாள். எங்கே ஒதுங்குவாள்? தார் விளிம்புக்குக் கீழே அரையடிப் பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் முள். முள்ளுக்கு அப்பால் வாய்க்கால். சக்கரம் சறுக்குகிறது. சோறு மண்ணிலே, புத்தகம் முள்ளிலே, முழங்காலிலே இரத்தம். திரும்பிப் பார்க்க நேரமில்லை லாரிக்கு! புழுதியைப் பரிசாகத் தந்துவிட்டுப் பறந்துவிடுகிறது.

"நல்லகாலம், உயிருக்கு ஒன்றுமில்லை" என்கிறார்கள் பெரியவர்கள். நல்லகாலமாம்! பள்ளிக்குப் போன பெண் உயிரோடு திரும்பினால் அது நல்லகாலம் என்று ஆகிவிட்டது நாட்டின் நிலை. இந்தக் காட்சி ஏதோ ஓர் ஊரிலே ஒருநாள் நடந்ததல்ல. தஞ்சைக்குப் போனாலும், தருமபுரிக்குப் போனாலும், திருவண்ணாமலைச் சீமைக்குப் போனாலும் நாள்தோறும் காணலாம்.

மோட்டார் வைத்திருப்போரைக் கேட்டால் அவர்களுக்கும் வழக்கு உண்டு. "மூன்று பேர் கைகோத்துக்கொண்டு வருகிறார்கள், ஐயா! மணி இல்லை, இரவிலே விளக்கு இல்லை, திடீரென்று குறுக்கே திருப்புகிறார்கள். காதிலே பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டால் நாங்கள் ஹாரன் அடிப்பது கேட்பதே இல்லை. நாளை ஏதேனும் நேர்ந்தால் ஊரே திரண்டு எங்களைத்தானே அடிக்கும்?" என்கிறார்கள்.

பொய்யென்று தள்ளிவிட மாட்டோம். இருக்கிறது குற்றம். மூவர் வரிசை கூடாது, விளக்கில்லாப் பயணம் கூடாது, வளைவிலே வேடிக்கை கூடாது. மறுக்கவில்லை! ஆனால் ஒன்று கேட்கிறோம். தவறு செய்தால் சைக்கிள்காரன் யாரைக் கொல்லுவான்? தன்னைத்தான் கொன்றுகொள்வான். மோட்டார்காரர் தவறு செய்தால் கொல்லப்படுவது யார்? அப்போதும் அதே சைக்கிள்காரன்தான்! இருவர் செய்யும் தவறுக்கும் ஒருவனே உயிரைத் தருகிறான் என்றால், இருவருக்கும் பொறுப்பு சமம் என்று பேசுவது எந்த ஊர் நியாயம்?

நியாயத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். கணக்கையே பார்ப்போம், கணக்குக்குக் கட்சி கிடையாது. 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின்படி ஒருவழித் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர். மோட்டார் நடமாட்டம் குறைந்த இடங்களிலே 3 மீட்டரே போதும் என்று விட்டுவிட்டார்கள். பஸ்ஸும் லாரியும் எவ்வளவு அகலம் இருக்கலாம்? 2.6 மீட்டர் வரை இருக்கலாம் என்கிறது மோட்டார் வாகன விதி. கழித்துப் பாருங்கள். மிச்சம் 1.15 மீட்டர். மிதிவண்டியின் கைப்பிடி அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதையும் கழித்தால் இருவருக்கும் இடையிலே எஞ்சுவது ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல். அதுவும் எப்போது? பஸ் ஒரு விளிம்பை உரசியும், பள்ளிப் பிள்ளை மறு விளிம்பிலே கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போலவும் போனால்! மூன்று மீட்டர் சாலையிலோ கழிக்கவே முடியாது, கணக்கே உதைக்கிறது.

வெளிநாட்டிலே என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியிலே 2020இல் சட்டம் போட்டார்கள். மிதிவண்டியை முந்தும் மோட்டார், ஊருக்குள்ளே 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விலகிச் செல்லவேண்டும். பிரான்சிலே ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். இந்த அளவுகோலைக் கொண்டுவந்து நம்முடைய 3.75 மீட்டர் சாலையிலே வைத்தால் என்ன ஆகும்? பஸ் மிதிவண்டியை முந்தவே முடியாது! பின் என்ன செய்வது? ஒதுங்க இடம் வரும்வரை பின்னாலே பொறுமையாக வரவேண்டும். அவ்வளவுதான்.

"ஐயோ, காலதாமதம்!" என்று கைபிசைவோருக்கும் கணக்கு உண்டு. மிதிவண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்திலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னாலே 200 மீட்டர் வந்தால் ஒரு நிமிடம் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்திலே பறந்திருந்தால் 18 விநாடியிலே கடந்திருக்கலாம். இழப்பு 42 விநாடி! டீக்கடையிலே ஆற்றிக் குடிக்கும் நேரம்கூட இல்லை. அந்த 42 விநாடிக்காகவா ஒரு தாயின் வயிற்றிலே நெருப்பைக் கொட்டுவது?

தோழர்களே! 'ஒதுங்கு' என்ற சொல் நமக்குப் புதிதா? தமிழன் காதிலே தலைமுறை தலைமுறையாக விழுந்த சொல்லல்லவா அது! வைக்கம் கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளிலே தாழ்த்தப்பட்டோரும் ஈழவரும் நடக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். 1924ஆம் ஆண்டிலே அங்கே போராட்டம் மூண்டது. ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்தார். அவர் கேட்டது கோயிலையா, கருவறையையா? இல்லை. சாலையைக் கேட்டார்! மனிதன் நடக்கும் சாலையிலே மனிதன் நடக்கவேண்டும் என்றார். 1925 நவம்பரிலே மூன்று பக்கத்துச் சாலைகள் திறந்துவிடப்பட்டன.

அதற்குப் பிறகும் தீர்ந்ததா தொல்லை? சேரியிலிருந்து சைக்கிளிலே வந்தவனை, "எங்கள் தெருவிலே ஏறி ஓட்டுவாயா? இறங்கித் தள்ளிக்கொண்டு போ!" என்று மிரட்டிய ஊர்கள் எத்தனை! இரண்டு சக்கரமும் ஒரு மணியும் உள்ள அந்த எளிய வண்டி, ஏழை தலைநிமிர்ந்து ஏறி அமர்ந்த முதல் ஆசனம். ஆகவேதான் ஆதிக்கக்காரனுக்கு அது உறுத்திற்று. சாதியின் பேரால் 'இறங்கு' என்றவனை எதிர்த்தோம். இன்று குதிரைசக்தியின் பேரால் 'இறங்கு' என்கிறார்கள். இதை மட்டும் இயற்கை என்று ஏற்றுக்கொள்வதா?

இந்த வண்டி தமிழ்நாட்டிலே சாதித்தது கொஞ்சமல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைத்த கைகள் கைப்பிடியைப் பிடித்தன. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்காகக் காத்துக் கிடக்காமல், அண்ணனையோ கணவனையோ கெஞ்சாமல் தாமே போய்த் தாமே வந்தார்கள்.

பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வந்தது. 2001-2002ஆம் கல்வியாண்டிலே ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, 2005-2006இல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியர் அனைவருக்கும் என்று விரிந்தது. கொண்டுவந்தது மாற்றார் ஆட்சிதான். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு நாக்குக் கூசாது! கழக ஆட்சி வந்தபோது அதை நிறுத்திவிடவில்லை, தொடர்ந்து நடத்தியது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவை 1973இல் ஒழித்து, சைக்கிள் ரிக்ஷாவைத் தந்தவர் கலைஞர். சக்கரத்தின் அருமை கழகத்துக்குத் தெரியும்.

பத்தாம் வகுப்புவரை பள்ளி பக்கத்திலே இருக்கும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் நாலு மைல், ஐந்து மைல் போகவேண்டும். 'பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?' என்று தயங்கிய தந்தைக்கு அந்தச் சைக்கிள்தான் பதில் சொன்னது. அப்படிப்பட்ட தந்தை, ஒருநாள் மகள் முழங்காலில் கட்டோடு வந்து நிற்பதைப் பார்க்கிறார். அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒன்று லாரியிலே அடிபட்ட செய்தியைக் கேட்கிறார். "படித்தது போதும் அம்மா" என்கிறார். முடிந்தது! சைக்கிள் திண்ணையிலே சாய்கிறது, படிப்பு அடுப்பங்கரையிலே முடங்குகிறது. சட்டம் போட்டு யாரும் தடுக்கவில்லை, சாத்திரம் காட்டி யாரும் மறிக்கவில்லை. சாலையின் அச்சமே தடுத்துவிட்டது! அரசு தன் கருவூலத்திலிருந்து வண்டியைக் கொடுத்துவிட்டு, அது ஓடுவதற்கு ஓரடி இடத்தைக் கொடுக்காவிட்டால், கரும்பை ஒரு கையால் கொடுத்து வாயை மறு கையால் பொத்துவது போலல்லவா?

2022ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களிலே மூன்றில் இரண்டு பங்கினர் ஊர்ப்புறத்திலே மாண்டவர்கள். நகரத்து நெரிசலைப் பற்றி எழுதாத ஏடில்லை, பேசாத மேதையில்லை. கிராமத்துச் சாலையிலே சிந்தும் இரத்தம் மட்டும் புழுதியோடு புழுதியாகக் காய்ந்துவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்துப் பௌதிகமே சொல்லுகிறது. முப்பதிலே விழுந்து எழுந்திருக்கக்கூடிய பிள்ளை, அறுபதிலே எழுந்திருப்பதில்லை.

இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு முன்பு கிடைத்தது 25,000 ரூபாய். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், 2022 ஏப்ரல் முதல் அது 2 லட்சம் ஆயிற்று. படுகாயத்துக்கு 50,000. இப்படி ஒரு உரிமை இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை 2021 டிசம்பரிலே தொடங்கியது கழக அரசு. உயிர்காத்த நல்ல திட்டம்! ஆனால் கட்டுப் போடுவதைவிட அடிபடாமல் காப்பது மேலல்லவா?

என்ன செய்யவேண்டும்? ஆகாயத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. தாருக்குமேல் தார் போட்டுச் சாலையை உயர்த்திக்கொண்டே போகிறார்களே, ஓரத்து மண்ணையும் கிராவல் கொட்டி அதே மட்டத்துக்கு உயர்த்தட்டும். ஓரம் நிரப்பாத ஒப்பந்தக்காரருக்கு முழுப் பணம் தரவேண்டாம். சாலைக்குள் தலைநீட்டும் கருவேல முள்ளை ஊராட்சி வெட்டட்டும். பள்ளிக்குப் போகும் வழியிலே, பிள்ளைகள் போகும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் முப்பது கிலோமீட்டருக்குமேல் எந்த வண்டியும் ஓடக்கூடாது என்று பலகை வைக்கட்டும். பலகை மட்டுமல்ல, பக்கத்திலே ஒரு காவலரும் நிற்கட்டும்! குவாரி லாரிகளுக்கு அந்த ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மலை ஓடிவிடாது. பள்ளியிலே வண்டியைக் கொடுக்கும் நாளிலேயே மணி, விளக்கு, பின்புறம் ஒளிவீசும் பட்டை மூன்றும் இருக்கின்றனவா என்று ஆசிரியர் பார்க்கட்டும். சாலையிலே ஒருவர்பின் ஒருவராகப் போகவும் கற்றுக்கொடுக்கட்டும்.

மோட்டார் ஓட்டும் தோழருக்கும் ஒரு சொல். நீங்கள் எங்கள் பகைவரல்ல. நேற்றுவரை மிதித்தவர்தான் இன்று முடுக்குகிறீர்கள். உங்கள் அப்பா குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டதும், உங்கள் அக்கா சைக்கிளிலே போய்ப் படித்ததும் இதே சாலையிலேதான். காரிலே ஏறியதும் கண் மாறிவிடலாமா? ஹாரனிலே கை வைக்குமுன் ஒருகணம் எண்ணிப் பாருங்கள். முன்னாலே போகும் அந்தப் பெண் உங்கள் தங்கையாக இருந்தால், 42 விநாடி காத்திருக்க மாட்டீர்களா?

அவள் ஒதுங்க மறுக்கவில்லை. அவளுக்கு ஒதுங்க இடமில்லை! இடம் வரும்வரை பிரேக்கிலே கால் வையுங்கள். அவள் பள்ளிக்குப் போகட்டும். அவள் படித்து வந்து போடும் சாலையாவது, நம் எல்லோரையும் தாங்கும் அகலத்தோடு இருக்கட்டும்!