கனசதுரமே முதற்பாடம்

கணினித் திரையில் முப்பரிமாண உருவங்களைச் சித்திர வேலைப்பாட்டோடு தோற்றுவிக்க விழையும் வையம்பட்டி மாணவர், ஆரம்பத்திலேயே ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தின் பாய்ந்தெழும் குதிரைத் தூண்களை உருவாக்க முற்படாமல், எளியதொரு கனசதுரத்தின் மீது கற்சுவரின் புகைப்படத்தைப் போர்த்திப் பார்ப்பதே உத்தமமான மார்க்கம் என்பது என் திடமான அபிப்பிராயம். வடிவத்தின் மேல் படத்தைப் பொருத்தும் இவ்வித்தையை, 1974-ஆம் ஆண்டில், யூட்டா பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆராய்ச்சி நூலில் எட்வின் கேட்மல் விளக்கினார். ஒவ்வொரு முனைக்கும் படத்தின் எந்த இடம் உரியதென்று, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இரண்டு எண்களால் குறித்துவிட்டால், நடுவிலுள்ள புள்ளிகளின் வர்ணத்தைக் கணினியே கணித்துக்கொள்ளும். கனசதுரத்துக்கு மூலைகள் 8 தாமே என்று தொடங்குகிறவர், ஒரே மூலை மூன்று முகங்களிலும் படத்தின் வெவ்வேறு இடங்களைச் சுட்ட வேண்டியிருப்பதால் 24 முனைகளை எழுத நேரும்போது, சாஸ்திரத்தின் உட்பொருளைத் தம் கையாலேயே தொட்டுவிடுகிறார். ஆயத்த மென்பொருள்களை மட்டும் பழகியவருக்கு இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. முதன்முதலில் படம் தலைகீழாகத் தோன்றினால் மனங்கலங்க வேண்டியதில்லை: பெரும்பாலான படக்கோப்புகள் மேல் விளிம்பிலிருந்து தொடங்க, ஓப்பன்ஜிஎல் என்னும் கணினி வரைகலை முறையின் கணக்கோ கீழ் விளிம்பிலிருந்து தொடங்குகிறது.