சயானில் காட்டும் அக்கறை சத்தியவேட்டில் எங்கே?

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் யூட்டா மாநிலத்துச் சயான் தேசியப் பூங்காவுக்கு ஒரு நாள் பயணம் போகத் திட்டமிடும் அழகே தனி. ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு, வழுக்காத காலணி, விடியுமுன் புறப்பாடு! அங்குள்ள 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் அனுமதிச் சீட்டு கட்டாயம். அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பித்து விடுகிறோம். திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தால் 'நேரோஸ்' பள்ளத்தாக்கை மூடிவிடுவார்கள். நாமும் மறுபேச்சின்றித் திரும்பி விடுகிறோம்.

இதே நாம் விடுமுறையில் சென்னைக்குப் போனால் என்ன செய்கிறோம்? மைத்துனர், சித்தப்பா பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறையக் கிளம்பி, பிரியாணிப் பொட்டலத்துடன் சத்தியவேட்டுப் பக்கம் போகிறோம். வடக்கே உப்பலமடுகு, சென்னைவாசிகள் சொல்லும் தடா அருவி இதுதான். மேற்கே நாகலாபுரம் மலை. இரண்டும் ஓடை வழியே பாறைமேல் பாறையாகத் தாவி ஏறும் இடுக்குப் பள்ளத்தாக்குகள். அங்கே வனக்காவலர் "போகாதீர்கள்" என்றால், "ஒன்றும் ஆகாது ஐயா" என்று நகர்ந்து விடுகிறோம்!

வெள்ளமும் பாறையும் நாடு பார்ப்பதில்லை. 2015 செப்டம்பர் 14 அன்று சயானின் 'கீஹோல்' இடுக்கில் இறங்கிய 7 பேரைத் திடீர் வெள்ளம் கொண்டுபோயிற்று. தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், மலைமேல் பெய்த மழை இடுக்கில் ஆளுயரம் வந்து விடும். உப்பலமடுகு என்னும் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தெலுங்கில் மடுகு என்பது நம் மடுதான், ஆழமான நீர்நிலை. இம்மலைக் குளங்களில் மூழ்கி இளைஞர்கள் மாண்ட செய்தி ஒருமுறையா இருமுறையா வந்தது? கோடையிலோ நெருப்பு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைக் குடித்ததை மறக்க முடியுமா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியபோது திருத்தணி நம் பக்கம் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. இன்று அது திருப்பதி மாவட்டம். கடைத்தெருவில் தமிழ் கேட்டாலும் காடு ஆந்திர வனத்துறையுடையது. தமிழக வனத்துறை 2024இல் தொடங்கிய மலையேற்ற முன்பதிவு அங்கே செல்லாது. திறந்திருக்கிறதா, எதுவரை போகலாம் என்பதை ஆந்திர வனத்துறையிடமே கேட்க வேண்டும்.

நம் விடுமுறைக் காலமும் சிக்கலானது. ஜூன், ஜூலையில் வெயில் கொளுத்தும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையால் ஓடை பெருகிப் பாறை வழுக்கும். மழை ஓய்ந்த ஜனவரித் தொடக்கம் நல்லது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் உடன் வரட்டும். பள்ளத்துக்குள் கைபேசி வேலை செய்யாது. ஆகவே எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மாலை நான்கு மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். ஏற முடியாத தாத்தா பாட்டி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனையும், நாகலாபுரத்தில் மச்ச வடிவில் நிற்கும் வேதநாராயணரையும் சேவித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அவசியம் போக வேண்டும். நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அந்த மலையைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அமெரிக்க ரேஞ்சருக்குத் தலையசைக்கும் அப்பா, சொந்த ஊர் வனக்காவலரை அலட்சியம் செய்வதையும் அதே பிள்ளைகள் பார்க்கிறார்கள். சட்டமும் மரியாதையும் அந்நிய நாட்டுக்கு மட்டுமே உரியவை என்ற பாடத்தையா அவர்களுக்குக் கொடுத்தனுப்புவது?