படகில் இருந்தது 'நாமா', 'நாங்களா'?

பிரசங்கியார் "மூல கிரேக்கத்தில் இதற்கு அர்த்தமே வேறு" என்று ஆரம்பித்தால், மேற்குத் தாம்பரம் முடிச்சூரில் உள்ள எங்கள் சபையில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்திய நான் இரண்டாவது கூட்டம். கைப்பேசியில் தட்டிப் பார்த்த ஒரு சொல்லோடு வந்து தமிழ் வேதாகமமே தப்பு என்றால் எப்படி?

ஒரே ஓர் இடம் சொல்கிறேன். புயல், படகில் தண்ணீர், இயேசு தூங்குகிறார். சீடர்கள் எழுப்பும்போது சொல்வதாக மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதிய கிரேக்கச் சொல் ஒன்றே: அப்பொல்லுமெதா. அழிகிறோம். நம் 'ஓம்' விகுதி போல எழுவாய் வினைக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெளியே எடுத்து எழுதினாலும் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் கிரேக்கத்தில் 'ஹேமெய்ஸ்' ஒன்றுதான். 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்ட காலந்தொட்டு, தமிழாக்குகிறவர்கள் இந்த இடங்களில் திணற வேண்டியதுதான். ஆங்கிலக்காரருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

1871-இல் முழுமையாக வந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பான பவர் திருப்புதல், லூக்காவில் விகுதியோடு நிறுத்திக்கொண்டது. மாற்கில் மட்டும் 'நாங்கள்' என்று போட்டுவிட்டது. அந்த ஒரு சொல்லால் இயேசு படகைவிட்டே இறங்கிவிட்டார்! மூழ்கப் போகிறவர்கள் சீடர்கள் மட்டும். கிரேக்கம் அப்படிச் சொல்லவில்லை; மறுக்கவும் இல்லை. பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. மாற்கில் சீடர்கள் குறைப்பட்டுக்கொண்டு பேசுகிறார்கள். கோபம் வந்தால் நாமும் ஆளைப் பிரித்துத்தானே பேசுவோம்?

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது, என்னை ஏற்றிக்கொண்டதும் ஒரு மீனவர் படகுதான். படகு ஒருபக்கம் சாய, பக்கத்து வீட்டு அக்கா துடுப்புப் போட்டவரைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, நாம முழுகிடுவோம்!" அவரையும் சேர்த்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து மாற்கை வாசித்தால் என் காதில் 'நாம்' என்றே விழுகிறது. அது என் காது. கிரேக்கச் சான்று என்று அதை யாரிடமும் நீட்ட மாட்டேன்.

பிரசங்கியார்களே, மூலத்தைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். மூலம் முடிவு சொல்லாமல் விட்ட இடங்களையும் கூடவே கொண்டுவாருங்கள். வருகிற வேதபாட வகுப்பில் மாற்கு 4:38, லூக்கா 8:24 இரண்டையும் பவர் திருப்புதலில் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.