வைரஸின் கொக்கியும் வீட்டுக் கஷாயமும்

அடைமழைக் காலம் வந்தால் எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் காய்ச்சல், இருமலோடு வருகிறவர்கள் அதிகம். வந்து உட்கார்ந்ததும் பலரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், வைரஸைக் கொல்ற கஷாயமா பார்த்துக் குடுங்க!"

இதற்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஃப்ளூ வைரஸ் நம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சுவாரஸ்யமான விஷயம்தான்.

விழுங்குவது நம் செல்தான்!

ஃப்ளூ வைரஸின் பருமன், ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு. சவ்வின் மேல் 'ஹீமக்ளூட்டினின்' என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கு, தொண்டைச் செல்களின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரையில் இந்த முள் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதை நம் செல் ஒரு சிறு பைக்குள் வைத்து விழுங்குகிறது. பிறகு, வழக்கம்போல அந்தப் பையை அமிலமாக்குகிறது.

வைரஸ் காத்திருப்பது இந்த அமிலத்துக்காகத்தான். பி.ஹெச். அளவு 5-ஐ நெருங்கியதும் முள் உருமாறுகிறது. அதுவரை உள்ளே மடங்கி ஒளிந்திருந்த ஒரு சிறு துண்டு, எலிப்பொறியின் வில் தெறிப்பது போலப் பாய்ந்து, பையின் சவ்வில் கொக்கியாக மாட்டிக்கொள்கிறது. இதற்கு 'இணைவுப் பெப்டைடு' என்று பெயர். இருபதுக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் பெரும்பாலானவை தண்ணீரை விட்டு எண்ணெய்ப் பசையை நாடுபவை.

லண்டனில் ஜான் ஸ்கீல், அமெரிக்காவில் டான் வைலி, இயான் வில்சன் ஆகியோர் இந்த முள்ளின் வடிவத்தை 1981-ல் எக்ஸ்-ரே மூலம் கண்டு சொன்னார்கள். அமிலம் பட்ட பிறகு அது எப்படி மாறுகிறது என்பது 1994-ல் தெளிவானது.

ரசத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டி பட்டால் இரண்டு துளி ஒன்றாகிவிடும். ஆனால், செல் சவ்வுகள் அப்படிச் சுலபத்தில் சேராது. நடுவே உள்ள நீர்ப்படலம் விடாது. அந்தத் தடையை மீறத்தான் இந்தக் கொக்கி. அது சவ்வின் மேலடுக்கில் வளரி போல வளைந்து படுத்து, அடுக்கைக் குலைக்கிறது. முள் மறுபடி மடங்கும்போது இரண்டு சவ்வுகளும் நெருங்குகின்றன. முதலில் வெளி அடுக்குகள் சேர்கின்றன. பிறகு ஒரு துளை திறக்கிறது. வைரஸின் மரபுப் பொருள் உள்ளே போய்விடுகிறது.

இதில் எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்! இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி கிளைசின். அதை எடுத்துவிட்டு செரீனை வைத்தால் வெளி அடுக்குகள் மட்டும் சேர்ந்து, வேலை பாதியில் நின்றுவிடுகிறது. வாலீனை வைத்தால் இணைப்பே நடப்பதில்லை. 1999-ல் வெளியான ஆய்வு இது.

எலுமிச்சையால் முடியுமா?

"அப்படீன்னா காரத்தன்மை உள்ளதா சாப்பிட்டா வைரஸ் நுழையாதே?" என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் வருவதும் இதுதான். எலுமிச்சை குடித்தாலும் சரி, சோடா உப்பு கலக்கிக் குடித்தாலும் சரி, செல்லுக்குள் இருக்கும் அந்தப் பையின் அமிலம் மாறாது. ரத்தத்தின் பி.ஹெச். அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.4 அருகிலேயே பிடித்து வைத்திருக்கின்றன.

சரி, அந்தப் பைக்குள்ளேயே போய் அமிலத்தைக் குறைக்கும் மருந்து இல்லையா? இருக்கிறது. குளோரோகுயின். சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் அது ஃப்ளூ வைரஸைத் தடுத்தது. ஆனால், சிங்கப்பூரில் சுமார் 1,500 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது ஃப்ளூ வராமல் அது காக்கவில்லை. 2011-ல் இந்த முடிவு வெளியானது.

எங்கள் துறையினருக்கு இதுதான் பாடம் என்பது என் அபிப்பிராயம். யூகி முனிவர் சுரத்தை 64 வகையாகப் பிரித்துச் சொன்ன மரபு நம்முடையது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால், தட்டில் ஒரு மூலிகைச் சாறு வைரஸைத் தடுத்தது என்பதை மட்டும் வைத்து "எங்கள் குடிநீர் வைரஸைக் கொல்லும்" என்று போர்டு எழுதுவது அந்த மரபுக்கே செய்யும் துரோகம். ஆங்கில மருந்தைச் சோதித்த அதே தராசில் நம் மருந்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தேறினால் உலகமே எடுத்துக்கொள்ளும்.

அதுவரை கஷாயம் வேண்டாமா? தாராளமாகக் குடியுங்கள். சூடான குடிநீர் தொண்டைக்கு இதம். உடம்பில் நீர் குறையாமலும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

ஆனால், கஷாயத்தை நம்பி இவற்றை விட்டுவிடாதீர்கள்:

* வீட்டுப் பெரியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் குடும்ப டாக்டரைக் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். முள்ளின் தலைப்பகுதி மாறிக்கொண்டே இருப்பதால் வருடாவருடம் போட வேண்டும்.

* ஓசெல்டாமிவிர் மாத்திரை தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதிகப் பலன்.

* ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. இந்தக் கொக்கியை அது தொடாது. கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

* மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இணைவுப் பெப்டைடு மட்டும் ஃப்ளூ 'ஏ' வகைகளில் அநேகமாக மாறுவதே இல்லை. அதையும் அதை ஒட்டிய தண்டுப் பகுதியையும் குறிவைத்து, எல்லா வகைக்கும் பொதுவான தடுப்பூசி தேடுகிறார்கள். அது வரும்வரை, அடுப்பில் கஷாயம் கொதிக்கட்டும். தடுப்பூசித் தேதியும் காலண்டரில் குறித்திருக்கட்டும்.