பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுங்கள்



மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி, சென்ற மாதம் 'கேட்வே ஆஃப் இந்தியா'வைப் படமாக வரைந்துகொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து வரைந்தாள். "நீ நேரில் பார்த்ததில்லையாம்மா?" என்று கேட்டேன். "அது பாம்பேயிலே இருக்கு மாமா" என்றாள்.

தாராவியில் பிறந்து தாராவியிலேயே வளரும் பிள்ளை அவள். அவளுக்குப் பம்பாய் வேறோர் ஊர்! (1995 முதல் ஊரின் பெயர் மும்பை. நம் வாய்க்கு இன்றும் பம்பாய்தான்.)

அவள் தகப்பனார் தோல்பை தைக்கும் பட்டறைத் தொழிலாளி. அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "வாரத்துல ஒரு ஞாயிறுதான் அண்ணாச்சி லீவு. துணி துவைக்கணும், தண்ணி பிடிக்கணும், கொஞ்சம் கண்ணயரணும். பிள்ளைகளைக் கூட்டிட்டு ஊர் சுத்த நாம என்ன முதலாளிமாரா?"

அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊரைப் பார்ப்பது முதலாளிமாருக்கு உரியது என்று நமக்குச் சொல்லித் தந்தவர் யார்? இந்நகரத்தின் தோலைப் பதனிட்டவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தெருத்தெருவாக இட்டலிக் கூடை தூக்கியவர்கள் நம் பெரியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்நகரைக் காலண்டரில் பார்க்க வேண்டுமா?

பணம் இல்லை என்பார்கள். கணக்குப் பார்ப்போம். புறநகர் இரயிலில் இரண்டாம் வகுப்பின் மிகக் குறைந்த கட்டணம் 5 ரூபாய். தூரம் கூடக் கூடச் சிறிது கூடும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குச் சீட்டே வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் அரைச்சீட்டு. குளிர்சாதன வண்டியில் ஏறினால் குறைந்தது 35 ரூபாய். அது நமக்கு வேண்டாம். சாதாரண வண்டியில் சன்னல் திறந்திருக்கும். பிள்ளைக்கு வேண்டியது அந்தச் சன்னல்தான். ஒரு நாள் சினிமாவுக்குக் கொடுக்கும் காசில் நாலு ஞாயிறு போய் வரலாம்.

பயம் என்பார்கள். அது நியாயமான பயம். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பால நெரிசலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. என் மூத்த மகன் ஆறு வயதில் என் கையை விட்டுப் பிரிந்ததும் உண்டு. ஒரு நிலையத்தில் நான் இறங்கிவிட்டேன். அவன் இறங்குமுன் வண்டி நகர்ந்துவிட்டது. அடுத்த வண்டியைப் பிடித்து அடுத்த நிலையத்திற்கு ஓடினேன். அங்கே ஒரு மராத்தி மீன்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைத் திட்டித் தீர்த்தார். அந்தத் திட்டை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆகவே சில ஏற்பாடுகள் வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் புறப்பட்டுவிட வேண்டும். விரைவு வண்டி வேண்டாம். எல்லா நிலையத்திலும் நிற்கும் மெதுவண்டியே போதும், அதில்தான் பெயர்ப்பலகைகளைப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். கூட்டம் மிகுந்தால் தாயும் பிள்ளைகளும் பெண்கள் பெட்டியில் ஏறட்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளையும் அதில் போகச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் சட்டைப்பையில் தகப்பன் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருக்கட்டும். பிரிந்துபோனால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். இரயில்வே உதவிக்கு 139, குழந்தைகள் உதவிக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் தாய்மார்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

சரி, எதைக் காட்டுவது? சயானில் ஏறுங்கள். மாட்டுங்கா, தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, பைகுல்லா என்று வண்டி தெற்கே போகும். பரேலைத் தாண்டும்போது பிள்ளையைச் சன்னலருகே நிறுத்துங்கள். கண்ணாடி மாளிகைகளுக்கு நடுவே எங்காவது ஒரு பழைய புகைபோக்கி தெரியும். அங்கே பஞ்சாலைகள் இருந்தன; 1982 சனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். பலர் திரும்ப வேலைக்கே போகவில்லை, ஆலைகள் மூடின, அந்த நிலத்தில் எழுந்தவைதான் இந்த மாளிகைகள்.

பைகுல்லாவில் இறங்கினால் இராணி பாக். யானை, புலி, பெங்குவின் எல்லாம் உண்டு. புதன்கிழமை மட்டும் விடுமுறை. இங்கே எனக்கொரு வருத்தம். 2017 வரை பெரியவருக்கு 5 ரூபாய் வாங்கிய நுழைவுக் கட்டணத்தை அவ்வாண்டில் 50 ஆக்கினார்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்திற்கு நூறு ரூபாய் என்று சலுகை வைத்தார்கள். மூன்று பிள்ளை உள்ளவன் என்ன செய்வான்? பாட்டியைக் கூட்டி வந்தவன் என்ன செய்வான்? மாநகராட்சிப் பூங்கா என்பது அந்த நகரத்து ஏழைப் பிள்ளைக்காக வைத்த பூங்காதானே?

காசு கேட்காத இடங்களும் உண்டு. கடைசி நிலையமே ஒரு காட்சிதான். சத்ரபதி சிவாஜி மகாராஜ் நிலையம், பழைய வி.டி., 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகள் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. வாயிலின் ஒரு தூண்மேல் சிங்கம், மறுதூண்மேல் புலி; சிங்கம் பிரிட்டனுக்கு, புலி இந்தியாவுக்கு. சுவரெல்லாம் கல்லில் செதுக்கிய பறவையும் விலங்கும். என் இளைய மகள் ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டே நின்றாள். வரைபடம் தந்த ஸ்டீவன்ஸ் துரையின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர்? இந்த இடத்திலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் தானேவுக்குப் புறப்பட்டது; 1925இல் முதல் மின்சார இரயில் குர்லாவுக்கு ஓடியதும் இங்கிருந்துதான்.

அங்கிருந்து பொடிநடையாகத் தெற்கே வந்தால் ஹுதாத்மா சௌக். கையில் தீவட்டி ஏந்திய விவசாயியும் தொழிலாளியும் சிலையாக நிற்கிறார்கள். ஐக்கிய மகாராட்டிரம் கேட்டு உயிர்விட்ட 106 பேரின் நினைவிடம் அது. "அது அவங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று விலகிப் போகும் நம்மவர் பலர். 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டாருக்கு எதிராக இந்நகரில் எழுந்த கூச்சலை அவர்கள் மறக்கவில்லை. இரயிலில் தமிழ் பேசாதே என்று என் தகப்பனாரும் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆயினும் விலகிப் போவது தவறு என்பதே என் கருத்து. தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு 1956இல் உண்ணாநோன்பிருந்து மாண்ட சங்கரலிங்கனாரை அறிந்தவர்கள் நாம். தன் மொழிக்கென்று மாநிலம் கேட்டு மடிந்தவனின் அருமை நமக்குப் புரியாதா? பிள்ளைகளை அங்கே நிறுத்தி, இரண்டு கதைகளையும் தமிழிலேயே சொல்லுங்கள். உரக்கவே சொல்லுங்கள்.

அப்புறம் கேட்வே. 1924இல் கட்டி முடித்தார்கள். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி வெள்ளைப் பட்டாளம் இதன் வழியாகத்தான் கப்பலேறிப் போனது. அரசன் வந்ததன் நினைவாக எழுப்பிய வாசல், பட்டாளத்தை அனுப்பி வைத்த வாசலாயிற்று! பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். புறாவும் பிடிக்கும்.

இப்போது இரயில்வேயிடம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. போதாக்குறைக்கு 'மெகா பிளாக்'. காலை பதினொரு மணியை ஒட்டித் தொடங்கி மாலை வரை ஒரு தடத்தில் வண்டி நின்றுபோகும், அல்லது தடம் மாறி ஓடிச் சில நிலையங்களில் நிற்காது. தண்டவாளத்தைச் செப்பனிடத்தான் வேண்டும், செப்பனிடுகிறவனும் தொழிலாளிதான். பிளாக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அலுவலகம் போகிறவனுக்காக ஆறு நாளும் பாதையைக் காத்து வைக்கும் நிர்வாகம், ஏழாம் நாள் பிள்ளையைத் தோளில் சுமந்து வருகிறவனை ஒரு பயணியாகவே எண்ணாதது ஏன் என்றுதான் கேட்கிறோம். நின்ற தடத்திற்கு ஈடாக அதே சீட்டில் பஸ் விடலாம் அல்லவா? பஸ்ஸின் குறைந்த கட்டணமும் 2025 மே மாதத்தில் 5 ரூபாயிலிருந்து 10 ஆகிவிட்டது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு அது சிறு தொகை அன்று. நிலையங்களில் குடிநீரும், பூட்டிக் கிடக்காத கழிப்பறையும் வேண்டும். சிறு பிள்ளையோடு போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நமது சங்கமும் செய்ய வேண்டியது உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும், மறுநாள் எந்தத் தடத்தில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பிளாக் என்பதைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் வைக்க வேண்டும். ஒரு சாக்குக்கட்டியின் செலவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியில் போக வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருபது கண்கள் இருந்தால் தாய்மாரும் சற்று சன்னல் வழியே பார்க்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன்.

அதுவரை காத்திராமல், வரும் ஞாயிறு அந்தச் சிறுமியின் வீட்டாரும் எங்கள் வீட்டாரும் போகிறோம். தகப்பனார் ஒருவழியாக ஒப்புக்கொண்டார். தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை அவர் தம்பி ஏற்றிருக்கிறார். வர விரும்புவோர் காலை ஆறே முக்காலுக்குச் சயான் நிலையச் சீட்டு சன்னலருகே வந்துவிடுங்கள். சில்லறை கொண்டு வாருங்கள்.